சாத்துவதும் தாழிடுவதும்

நான் எழுதிய வரிகளை நம்பி ஒருவர் ஸ்பேனரைக் கையில் எடுப்பதை முதன்முதலாகப் பார்த்தது 1999 ஆகஸ்டில். பெங்களூரு பழைய விமான நிலையச் சாலையிலிருந்து முருகேஷ்பாளையா பக்கம் பிரியும் ஒரு தெருவில் எங்கள் அலுவலகம் இருந்தது. அப்போது அந்தச் சாலைக்குப் ‘பழைய’ என்ற அடைமொழி கிடையாது. 2008 மே மாதம் பயணிகள் விமானங்கள் தேவனஹள்ளிக்குப் போன பிறகுதான் அது ஒட்டிக்கொண்டது. விமானப் பராமரிப்புக் கையேடுகளை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. மாடியில் நாங்கள் எழுதுவோம். கீழே ஒரு கொட்டகையில் பயிற்சிக்கென்று வைத்திருந்த பாகங்களில், எழுதியதை வரிக்கு வரி ஒரு டெக்னீஷியன் செய்து பார்ப்பார். அவர் செய்து முடித்தால்தான் பக்கம் வெளியே போகும்.

நட்டு கழன்றுவிடாமல் இருக்க அதன் குறுக்கே செருகி, இரு கால்களையும் விரித்து மடக்கிவிடுவார்களே, அந்த ஸ்பிளிட் பின்னைப் பற்றிய குறிப்பு அது. முதல் வரியில் பின்னை ‘ரிமூவ்’ செய்யச் சொல்லியிருந்தேன். நடுவில் சில சரிப்படுத்தும் வேலைகள். கடைசி வரியில் பின்னை ‘ரீப்ளேஸ்’ செய்யச் சொல்லியிருந்தேன். டெக்னீஷியன் பின்னைக் கழற்றினார், தட்டில் வைத்தார், வேலையை முடித்தார், தட்டிலிருந்த அதே பின்னை எடுத்து நிமிர்த்தி மறுபடி செருகப் போனார்.

“நிறுத்துப்பா” என்றார் பக்கத்தில் நின்ற இன்ஸ்பெக்டர். ஒருமுறை மடக்கிய பின்னை நிமிர்த்தி மறுபடி மடக்கினால் உலோகம் அந்த மடிப்பிலேயே தளர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் புதுப் பின்தான் போட வேண்டும். அந்தப் பையனை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“என்னம்மா எழுதியிருக்க?”

“ரீப்ளேஸ்னு எழுதியிருக்கேன் சார்.”

“அவன் ரீப்ளேஸ்தானே பண்ணினான்?”

எனக்குப் பதில் வரவில்லை. எடுத்ததை எடுத்த இடத்தில் திரும்ப வைப்பதும் ஆங்கிலத்தில் ரீப்ளேஸ்தான். பேசி முடித்ததும் ரிசீவரை ரீப்ளேஸ் செய்யுங்கள் என்றால் புது ரிசீவர் வாங்கச் சொல்கிறார்கள் என்று யாரும் நினைப்பதில்லை. பழையதை ஒதுக்கிவிட்டுப் புதியதைப் போடுவதும் ரீப்ளேஸ்தான். எனக்கு இரண்டாவது பொருள் மட்டும் மனதில் இருந்தது, டெக்னீஷியன் முதலாவதைப் படித்தார். இரண்டு வாரம் கழித்து இதே சொல் எதிர்ப்பக்கமாகத் திரும்பியது. கழற்றிய ஒரு பேனலைத் திரும்பப் பொருத்துவதற்கு ரீப்ளேஸ் என்று எழுதியிருந்தேன். ஸ்டோர்காரர் புது பேனலுக்கு இண்டெண்ட் போடும் காகிதத்தோடு மாடியேறி வந்தார்.

திருநெல்வேலியில் எம்.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு வந்தவள் நான். அகராதியில் ஒரு சொல்லுக்குக் கீழே அடுக்கியிருக்கும் ஒத்த பொருட்சொற்களைப் படிப்பது எனக்குச் சந்தோஷமான பொழுதுபோக்கு. ஒரு பத்தியில் ஒரே சொல்லை இருமுறை எழுதினால் பேராசிரியர் சிவப்பு மையால் சுழிப்பார். அந்தப் பழக்கத்தோடு ஒரு ஹைட்ராலிக் தொட்டியைப் பற்றி எழுதும்போது மூன்றாம் வரியில் ‘கவர்’ என்றும் ஏழாம் வரியில் ‘லிட்’ என்றும் பத்தாம் வரியில் ‘கேப்’ என்றும் அழகுக்காக மாற்றி மாற்றி எழுதினேன். படிப்பவர் அந்தத் தொட்டியில் மூன்று மூடிகளைத் தேடினார். இருந்தது ஒன்றுதான்.

இந்த மூடி விவகாரத்தில் நான் கற்றது நிறைய. தமிழில் எல்லாமே மூடி. கொட்டகையில் கேப் என்பது குழாயின் வாயை வெளியிலிருந்து கவிந்து மூடுவது. பிளக் என்பது துளைக்குள்ளே இறங்கி அடைப்பது. பேனா மூடிக்கும் பாட்டில் தக்கைக்கும் உள்ள வித்தியாசம். ஒரு ஹைட்ராலிக் இணைப்பைப் பிரித்தால் குழாய்ப் பக்கம் கேப் போட வேண்டும், பம்பின் துளைப் பக்கம் பிளக் போட வேண்டும். இல்லாவிட்டால் தூசி உள்ளே போகும். மாற்றி எழுதினால் டெக்னீஷியன் பொருந்தாத ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணெய் சொட்டச் சொட்ட நிற்பார்.

அந்த இன்ஸ்பெக்டர் கோலார் தங்கவயல் தமிழர். ஒரு பெரிய விமானத் தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்று எங்களிடம் வந்திருந்தார். எங்கள் தெருமுனை தர்ஷினியில் பை-டூ காபி சொல்லி, பாதியை என் பக்கம் நகர்த்திவிட்டு அவர் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “இந்த வார்த்தையைப் படிச்சா கை என்னம்மா செய்யும்?” இரண்டு சொற்களுக்கு என்ன வித்தியாசம் என்று அவரிடம் நான் கேட்டபோதெல்லாம் இந்தக் கேள்வியே திரும்பி வந்தது. கை ஒரே காரியத்தைச் செய்தால் ஒரு சொல்லை விட்டுவிடு. கை வேறு வேறு காரியத்தைச் செய்தால் இரண்டையும் வை, ஒன்றின் இடத்தில் மற்றதை எழுதாதே.

விமானத் துறையில் இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். கையேடுகளைப் படிக்கும் மெக்கானிக்குகளில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை என்று சொல்லி, 1970களின் இறுதியில் ஐரோப்பிய விமான நிறுவனங்கள் தயாரிப்பாளர்களிடம் எளிமையான ஆங்கிலம் கேட்டன. 1986இல் அதற்கு முதல் வழிகாட்டி வந்தது. 2005இல் அது ஏஎஸ்டி எஸ்டிஇ-100 என்ற தரநிலை ஆனது. அதிலுள்ள அகராதியில் அனுமதிக்கப்பட்ட பொதுச் சொற்கள் ஏறக்குறைய 900. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள், ஒரு பொருளுக்கு ஒரு சொல். செய்முறை வாக்கியத்தில் 20 சொற்களுக்கு மேல் கூடாது.

அதை முதலில் படித்தபோது எனக்குத் தொண்டையை அடைத்தது. நான் ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த சொற்களெல்லாம் தள்ளுபடிப் பட்டியலில் இருந்தன. பிகின், கமென்ஸ், இனிஷியேட் எல்லாம் போய் ஸ்டார்ட் மட்டும் இருந்தது. ‘ரைட்’ என்றால் வலப்பக்கம். சரி என்பதற்கு ‘கரெக்ட்’. ‘ஃபாலோ’ என்றால் பின்னால் வருவது. விதியைப் பின்பற்றுவதற்கு ‘ஒபே’. ‘அபவுட்’ என்றால் ஒன்றைப் பற்றி. சுமார் என்ற பொருளுக்கு ‘அப்ராக்சிமேட்லி’. மாதக்கணக்கில் எழுதிப் பழகிய பிறகுதான் ஒன்று புரிந்தது. அந்த அகராதி ஆங்கிலச் சொற்களின் வேறுபாட்டை என்னைவிடக் கூர்மையாகக் கவனித்தவர்கள் செய்தது. வலது வால்வைத் திருப்பு என்பதையும் சரியான வால்வைத் திருப்பு என்பதையும் ஒரே சொல்லால் எழுதிப் பார்த்தவர்கள் அவர்கள். அப்போது எனக்கு அந்த 900 சொற்கள்மேல் மரியாதை வந்தது. இன்றும் இருக்கிறது.

புதிதாக வருபவர்களுக்கு நான் முதல் வாரம் சொல்லிக்கொடுப்பது ‘செக்’, ‘மேக் ஷ்யூர்’ என்ற இரண்டை. வால்வு திறந்திருக்கிறதா என்று செக் செய் என்று எழுதினால், பார்த்தவுடன் வேலை முடிந்துவிடுகிறது. மூடியிருந்தால்? மூடியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். சொன்னதைச் செய்தாகிவிட்டது. மேக் ஷ்யூர் என்றால் அடுத்த வரிக்குப் போகும்போது வால்வு திறந்திருந்தே ஆக வேண்டும். மூடியிருந்தால் திறப்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அம்மா வெளியே கிளம்பும்போது “கேஸைப் பாத்தியா?” என்று கேட்டால் மேக் ஷ்யூரைத்தான் கேட்கிறாள். “பாத்தேன், எரிஞ்சுக்கிட்டிருக்கு” என்று யாரும் பதில் சொல்ல மாட்டோம். ஆனால் அது வீடு. இரவு இரண்டு மணிக்கு வேறொரு நாட்டின் ஹேங்கரில் இருப்பவருக்கு அம்மாவின் குரல் கேட்காது.

தமிழ் மனதுக்கு இதைவிடக் கடினமானது ‘வேண்டும்’. நமக்கு ஒரே ஒரு வேண்டும் போதும். எனக்குத் தண்ணீர் வேண்டும், நாளை போக வேண்டும், பெரியவர்களை மதிக்க வேண்டும், வரி கட்ட வேண்டும். விருப்பம், திட்டம், அறம், சட்டம் எல்லாம் அதற்குள் அடக்கம். ஆங்கிலத்தில் மஸ்ட், ஷுட், ஷல், நீட் என்று பிரிந்து கிடக்கிறது. நாம் பள்ளியில் கற்ற ஷுட் வாத்தியாரின் ஷுட். வகுப்பில் பேசக் கூடாது என்பதற்கு அவர் ‘ஷுட் நாட்’ என்றால் அது உத்தரவு, மீறினால் பிரம்பு. அதே மனதோடு ‘போல்ட்டை இந்த அளவு முறுக்க ஷுட்’ என்று நாங்கள் எழுதியனுப்பினால், ஐரோப்பாவில் படிப்பவர் செய்தால் நல்லது என்ற யோசனையாக எடுத்துக்கொள்கிறார். நாங்கள் கட்டளையிட்டதாக நம்பிக்கொண்டிருப்போம், அங்கே அது ஆலோசனையாகப் போய்ச் சேரும். எங்கள் துறை இரக்கமில்லாமல் ஷுட்டையும் ஷல்லையும் தூக்கிவிட்டு மஸ்ட்டை வைத்தது.

என் தம்பி எலெக்ட்ரானிக் சிட்டியில் நெட்வொர்க் வேலை பார்த்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தப் பேச்சு வந்தபோது, “எங்களுக்கும் இதுதான்க்கா பிரச்சினை” என்று இரண்டு மூன்று பக்கக் காகிதம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். இணையத்தின் நெறிமுறைகளை எழுதுபவர்களுக்காக 1997 மார்ச்சில் ஹார்வர்டைச் சேர்ந்த ஸ்காட் பிராட்னர் எழுதியது, ஆர்எஃப்சி 2119. அதன் வேலையே மஸ்ட், ஷுட், மே போன்ற சொற்களுக்கு வரையறை கொடுப்பதுதான். மஸ்ட் என்றால் விலக்கே கிடையாது. ஷுட் என்றால் விட்டுவிடத் தக்க காரணம் இருக்கலாம், ஆனால் விடுவதன் விளைவை முழுதும் எடைபோட்டுப் பார்த்திருக்க வேண்டும். மே என்றால் அவரவர் விருப்பம். எங்கள் ஆட்கள் ஷுட்டைத் தூக்கி எறிந்தார்கள், அவன் ஆட்கள் அதற்கு வேலி போட்டு வைத்துக்கொண்டார்கள். இரண்டும் எனக்கு நேர்மையாகப் பட்டன. மெக்கானிக்குக்கு எடைபோட நேரமில்லை, நிரல் எழுதுபவருக்கு உண்டு.

‘வேண்டும்’ போலவே ‘லாம்’ இன்னொரு வலை. போகலாம் என்றால் அனுமதி, சாத்தியம், வா கிளம்புவோம் என்ற அழைப்பு, மூன்றும்தான். ஆங்கிலத்தின் மேயும் ஏறக்குறைய இப்படியே. பம்பைக் கழற்றலாம் என்பது அனுமதி. அழுத்தம் ஏறலாம் என்பது ஆபத்து. இரண்டுக்கும் மே போட்டால் ஆபத்து அனுமதியைப் போல ஒலிக்கும். அதனால் மே எங்கள் அகராதியில் இல்லை.

இன்ஸ்பெக்டர் எங்களிடமிருந்தும் விடைபெறுவதற்கு முந்தைய மாதம் ஒருநாள், “அவசரத்துக்கு இங்கிலீஷ்ல என்னம்மா?” என்று கேட்டார். நான் நாலைந்து சொன்னேன். அர்ஜென்ட், எமர்ஜென்சி, ஹரி, பிரையாரிட்டி. “நாலும் ஒண்ணா?” என்றார். பிறகு அவியாங்கா விமானத்தின் கதையைச் சொன்னார். 1990 ஜனவரி 25. கொலம்பியாவிலிருந்து நியூயார்க் போன போயிங் 707. மோசமான வானிலையால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வானத்தில் வட்டமிட்டுக் காத்திருந்தது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. விமானிகள் கட்டுப்பாட்டு அறையிடம் பிரையாரிட்டி கேட்டார்கள், எரிபொருள் தீர்கிறது என்றும் சொன்னார்கள். எமர்ஜென்சி என்ற சொல்லை மட்டும் சொல்லவில்லை. கட்டுப்பாட்டு அறைக்கு அந்த ஒரு சொல்லுக்குத்தான் எல்லாவற்றையும் ஒதுக்கி வழிவிடும் கடமை இருந்தது. பிரையாரிட்டி என்றால் வரிசையில் கொஞ்சம் முன்னே விடு என்ற அளவுதான். லாங் ஐலண்டின் கோவ் நெக் என்ற ஊரில் எஞ்சின்கள் நின்று விமானம் விழுந்தது. இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள்.

ஸ்பானிஷ் பேசுகிறவர்களின் காதில் பிரையாரிட்டிக்கு இன்னும் அழுத்தம் இருந்திருக்கலாம் என்று பிறகு மொழியியலாளர்கள் எழுதினார்கள். நான் அதைப் படித்தபோது எங்கள் ‘அவசரம்’தான் நினைவுக்கு வந்தது. பஸ்ஸைப் பிடிப்பதும் அவசரம், ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் அவசரம். வானொலியில் விமானிக்கு இரண்டு கதவுகள் திறந்திருக்கின்றன. கவலைக்குரிய நிலை, ஆனால் உடனடி உதவி தேவையில்லை என்றால் மூன்று முறை ‘பான்-பான்’. உயிராபத்து, இப்போதே உதவி வேண்டும் என்றால் மூன்று முறை ‘மேடே’. இரண்டையும் அவசரம் என்றுதான் தமிழில் பெயர்க்க வருகிறது. அன்று முதல், ஒரு தமிழ்ச் சொல்லுக்கு இரண்டு ஆங்கிலச் சொல் வந்து நிற்கும் இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டு நின்றுவிடுவேன். நான் வழுக்கி விழக்கூடிய இடம் அதுதான்.

சில இடங்களில் கன்னடம் என்னைக் காப்பாற்றியது. சேஃப்டி, செக்யூரிட்டி இரண்டுக்கும் நமக்குப் பாதுகாப்பு ஒன்றே. பக்கத்து மேசைக் கன்னடக்காரத் தோழி சேஃப்டிக்குச் சுரக்ஷதெ என்பாள், வாசலில் நிற்கும் காவலரைப் பத்ரதா சிப்பந்தி என்பாள். விபத்திலிருந்து காப்பது ஒன்று, கெட்ட எண்ணத்திலிருந்து காப்பது மற்றொன்று. அவள் பேச்சில் அது தானாகப் பிரிந்திருந்தது.

தமிழ் என்னைக் காப்பாற்றியது கதவு விஷயத்தில். பாட்டி வீட்டில் கதவுக்கு எத்தனை சொல்! காற்று வரட்டும் என்றால் ஒருக்களித்து வைக்கச் சொல்வாள். நாய் வராமலிருக்கச் சாத்தச் சொல்வாள். இருட்டினால் தாழ் போடச் சொல்வாள். ஊருக்குப் போனால் பூட்டச் சொல்வாள். சாத்தினாயா என்று கேட்டால் பூட்டினேன் என்று யாரும் பதில் சொல்ல மாட்டோம். விமானக் கதவின் ஆங்கிலமும் இப்படி மூன்று படிகள் கொண்டது: குளோஸ், லேட்ச், லாக். கதவு சட்டத்தில் போய்ப் பொருந்துவது முதல் படி. கொக்கிகள் சட்டத்தைக் கவ்விக்கொள்வது இரண்டாவது. கவ்விய கொக்கிகள் தளராதபடி அவற்றின் பின்னால் ஊசிகள் வந்து நிற்பது மூன்றாவது. சாத்துதல், தாழிடுதல், பூட்டுதல்.

1974 மார்ச் 3 அன்று பாரிஸின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து கிளம்பிய துருக்கி ஏர்லைன்ஸ் டிசி-10 விமானத்தின் பின்பக்கச் சரக்குக் கதவு, சாத்தியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரி. கைப்பிடியும் உள்ளே படிந்திருந்தது. உள்ளே கொக்கிகள் முழுதாகக் கவ்வவில்லை; ஆகவே ஊசிகள் சேர வேண்டிய இடத்துக்குச் சேரவில்லை. கொக்கி கவ்வாமலே கைப்பிடியை அழுத்தி மூடிவிட முடியும் என்பதுதான் அந்த வடிவமைப்பின் குறை. இரண்டு வருடம் முன்பு, 1972 ஜூனில், கனடாவின் வின்ட்சருக்கு மேலே இதே ரகக் கதவு வானில் பிய்த்துக்கொண்டு போய், அந்த விமானம் எப்படியோ பத்திரமாக இறங்கியிருந்தது. எச்சரிக்கை ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. பாரிஸில் கதவு பறந்தபோது பயணிகள் அறையின் தரை இடிந்து, கட்டுப்பாட்டு வடங்கள் அறுந்து, எர்மனோன்வில் காட்டில் விமானம் விழுந்தது. 346 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

அந்தக் கதவில் ஊசிகள் சேர்ந்தனவா என்று பார்க்க ஒரு சிறிய கண்ணாடி ஜன்னல் இருந்தது. பக்கத்திலேயே குறிப்பும் ஒட்டியிருந்தது, ஆங்கிலத்திலும் துருக்கியிலும். அன்று கதவைச் சாத்திய தொழிலாளி எழுதப் படிக்கத் தெரிந்தவர். அந்த இரண்டு மொழிகள் மட்டும் தெரியாது. அந்த ஜன்னல் எதற்கென்று யாரும் அவருக்குச் சொல்லியும் தரவில்லை. தனக்குச் சொல்லப்பட்டதை அவர் சரியாகவே செய்தார். அவரை நினைக்காமல் ஒரு கதவைப் பற்றிய வரியை நான் எழுதியதில்லை. நாங்கள் எழுதுவதெல்லாம் அவருக்குத்தான்.

போன வருடம் தருமபுரியிலிருந்து ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் மாதத்திலேயே ஒரு பழைய வாடிக்கையாளரின் மூலப் பிரதியோடு என்னிடம் வந்தாள். ஒரு வரியை விரலால் காட்டினாள். அணுகு கதவை ‘செக்யூர்’ செய் என்று இருந்தது. “அக்கா, இதுக்கு என்ன அர்த்தம்? கதவுக்குக் காவல் நிக்கணுமா?” என்றாள். சிரிக்கத் தோன்றவில்லை எனக்கு. இருபத்தைந்து வருடம் நான் பார்த்து வந்த சொல் அது. கட்டு, இறுக்கு, பூட்டு, காவல் வை எல்லாவற்றுக்கும் சம்மதிக்கும். அவளைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்கு இறங்கினேன். டெக்னீஷியன் ஹாசன் பக்கத்துக்காரர். வரியைப் படித்துக்காட்டியதும் கதவில் கை வைத்தபடி திரும்பி, “ஏனு மாட்பேக்கு மேடம்? முச்சோதா, சிலக ஹாக்கோதா, பீக ஹாக்கோதா?” என்று கேட்டார். மூடுவதா, தாழ் போடுவதா, பூட்டுவதா. பாட்டியின் மூன்று படிகள் அப்படியே.

வரைபடத்தை விரித்துப் பார்த்தோம். மூன்றும் தேவை. அவள் அங்கேயே கருவிப் பெட்டியின்மேல் நோட்டை வைத்து ஒரு வரியை மூன்றாக உடைத்தாள். கதவை மூடு. இரு கொண்டிகளையும் மாட்டு. கைப்பிடியைப் பூட்டும் நிலைக்குத் திருப்பு. எளிய ஆங்கிலத்தில், ஒவ்வொன்றும் பத்துச் சொல்லுக்குள். அவள் படிக்கப் படிக்க அவர் செய்தார். முதலாவதுக்குக் கதவு சட்டத்தில் சேர்ந்தது. இரண்டாவதுக்குக் கொண்டிகள் விழுந்தன. மூன்றாவதுக்குக் கைப்பிடி திரும்பியது. அவர் கையை எடுக்காமல், பூட்டிக்கொண்டதா இல்லையா என்று தனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ‘செக்’ என்று எழுதத் தொடங்கி, அதை அடித்துவிட்டு, நான்காவது வரியை எழுதினாள்: கைப்பிடியை இழு, அது அசையவில்லை என்பதை மேக் ஷ்யூர் செய். அவர் இழுத்தார். அசையவில்லை.